காற்று அலையைத் தொடும் இடம்: டெல்டா கடலோரப் பயணம்

திங்கள், பூம்புகார்

மயிலாடுதுறையிலிருந்து பூம்புகார் போகும் சாலையில் இரண்டு பக்கமும் சம்பா கதிர் வாங்கி நிற்கிறது. மார்கழிக் குளிரோடு வாடைக்காற்று வேறு. வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்தது அக்கா, என் பெரியம்மா மகள். கடல் அலையும் அதன் மேலிருக்கும் காற்றும் ஒன்றையொன்று என்ன செய்கின்றன என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. இத்தனை காலம் கணினியில் எண்களாகப் பார்த்த கரையை, காற்றுமானிக் கம்பம் ஒன்று நட இடம் தேடி இப்போது நேரில் பார்க்க வந்திருக்கிறாள். நான் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவன். அரையாண்டு விடுமுறை, அதனால் வண்டியோட்ட ஒப்புக்கொண்டேன். முத்துப்பேட்டை வரை கடலை விடாமல் போவது திட்டம். அன்றன்று பார்த்ததை ராத்திரி எழுதிப் போட்டுவிடுகிறேன்.

குடகில் பிறந்த காவிரி கடலில் கலக்கும் முகத்துவாரம் பூம்புகாரில்தான் இருக்கிறது. இவ்வளவு பெரிய பெயர் கொண்ட ஆறு இவ்வளவு ஒடுங்கிப் போய்ச் சேர்வதைப் பார்க்க எனக்கு எப்போதும் மனசு கனக்கும். அக்காவுக்கு ஆறு ஒடுங்கியது வசதியாக இருந்தது. அலை இல்லாத நீரும் அலை அடிக்கும் நீரும் அங்கே பக்கத்துப் பக்கத்தில் கிடக்கின்றன.

"தண்ணியோட நிறத்தைப் பாருடா" என்றாள்.

காற்று சற்று ஓய்ந்த நேரத்தில் ஆற்று நீர் வழவழவென்று வெளுப்பாக இருந்தது. ஒரு வீச்சு வந்ததும் அந்தக் கரையோரம் கறுப்பாக ஒரு திட்டு முளைத்தது. முளைத்த வேகத்தில் நீர்மேல் ஓடி வந்து எங்கள் காலடியில் மறைந்தது. குனிந்து பார்த்தால் அந்தத் திட்டுக்குள் விரல்கடை அகலத்துக்கு நெருக்கமான சிற்றலைகள். காற்று கடலோடு பேச ஆரம்பிக்கும் முதல் இடம் இதுதான் என்றாள் அக்கா.

வழவழப்பான நீரில் காற்று எப்படி அலையை எழுப்புகிறது? எல்லாருக்கும் தெரிந்த சங்கதி போலத் தோன்றும். ஆனால் இந்தக் கேள்வி பெரிய மூளைகளையெல்லாம் ஆட்டிவைத்திருக்கிறது. 1925இல் ஹெரால்டு ஜெஃப்ரீஸ் ஒரு விளக்கம் சொன்னார். அலையின் முதுகில் காற்று மோதுகிறது, முகட்டைத் தாண்டியதும் பிய்த்துக்கொண்டு போகிறது. அதனால் முகட்டுக்கு அந்தப் பக்கம் காற்றுமறைவு உண்டாகி அழுத்தம் குறைகிறது. இந்த அழுத்த வித்தியாசம்தான் அலையைத் தள்ளுகிறது என்றார். அலை வடிவில் திடப்பொருள் செய்து சோதித்தபோது அந்த வித்தியாசம் போதவில்லை. 1956இல் ஃபிரிட்ஸ் உர்செல் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் அலசிவிட்டு, காற்று அலையை எப்படி உண்டாக்குகிறது என்பது இன்னும் நமக்குத் தெரியாது என்று எழுதினார். அடுத்த வருடமே, 1957இல், ஓவன் ஃபிலிப்ஸ், ஜான் மைல்ஸ் இருவரும் தனித்தனியாக இரண்டு விடைகளை வெளியிட்டார்கள்.

ஃபிலிப்ஸ் சொன்னது தொடக்கத்துக்குப் பொருந்தும். காற்று ஒரே சீராக வீசுவதில்லை. அதற்குள் சுழல்கள் உண்டு, அவற்றின் அழுத்தம் ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கம் நகரும் வேகமும் நீரலை நகரும் வேகமும் ஒத்துப்போனால் சிற்றலை கிளம்பும். மைல்ஸ் சொன்னது வளர்ச்சிக்கு. நீரை ஒட்டிய காற்று மெதுவாகவும் மேலே போகப்போக வேகமாகவும் வீசும். ஏதோ ஒரு உயரத்தில் காற்றின் வேகமும் அலையின் வேகமும் சமமாக இருக்கும். அந்த உயரத்தில்தான் காற்று தன் உந்தத்தை அலைக்குக் கொடுக்கிறது. அலை பெரிதாகப் பெரிதாக அது வாங்கிக்கொள்வதும் கூடும், அதனால் இன்னும் பெரிதாகும்.

இது நிஜக் கடலில் நடக்கிறதா என்று அளந்து காட்ட 46 வருடம் பிடித்தது. அமெரிக்காவில் ஃபிளிப் என்று ஒரு மிதவைக் கலம் இருந்தது. 108 மீட்டர் நீளம். ஒரு பக்கத்தில் தண்ணீர் ஏற்றினால் அப்படியே எழுந்து செங்குத்தாக நின்றுகொள்ளும். பெரும்பகுதி ஆழத்தில் இருப்பதால் அலையில் அசைவது குறைவு. அதிலிருந்து கம்பம் நீட்டி, காற்றுமானிகளைப் பொருத்தி அளந்த கணக்கு 2003இல் வெளிவந்தது. மைல்ஸ் காகிதத்தில் கண்ட, இரண்டு வேகமும் சமமாகும் அந்த அடுக்கு நிஜக் காற்றிலும் இருந்தது. இதைச் சொல்லும்போது அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

செவ்வாய், தரங்கம்பாடி

டேனியர்கள் 1620இல் கட்டிய கோட்டையைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். எங்களுக்கு மாசிலாமணிநாதர் கோயில் பக்கம்தான் வேலை. பாண்டியர் காலத்துக் கோயில், முன்பகுதியைக் கடல் எடுத்துக்கொண்டுவிட்டது. இப்போது பாறாங்கற்களைக் கொட்டி அலையைத் தடுத்திருக்கிறார்கள்.

அந்தக் கற்களில் அலை மோதி உடையும் இடத்தருகே கொஞ்ச நேரம் நின்றதற்கே என் கண்ணாடி மங்கிவிட்டது. துணியால் துடைத்தேன், போகவில்லை. நாக்கில் வைத்துப் பார்த்தால் உப்பு. அக்கா அந்தக் கண்ணாடியை வாங்கி வெயிலில் சாய்த்துக் காட்டினாள். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் நூற்றுக்கணக்கான புள்ளிகள், காய்ந்து வெள்ளை வெள்ளையாக.

அலை உடையும்போது காற்றை உள்ளே இழுத்துக்கொண்டு போகிறது. அது குமிழிகளாக மேலே வருகிறது. குமிழியின் மேல்தோல் கிழியும்போது நுண்ணிய துளிகள் சிதறும். தோல் போனபின் அந்தக் குழி மூடிக்கொள்ளும் வேகத்தில் நடுவிலிருந்து நீர் ஊசிபோல் எழும்பி இன்னும் சில துளிகளை மேலே எறியும். துளி காய்ந்தால் உப்புத்தூள். காற்று அதைத் தூக்கிக்கொண்டு போகும். மேகத்தில் நீராவி ஒட்டிக்கொண்டு துளியாவதற்கு ஒரு தூசி வேண்டும். கடலுக்கு மேல் அந்த வேலையைச் செய்வதில் இந்த உப்புத்தூளுக்குப் பெரிய பங்கு. ஐப்பசி கார்த்திகையில் நம் வயலில் இறங்கும் மழையில் வங்கக் கடல் அலை உடைந்து தெறித்த உப்பும் இருக்கிறது என்று நினைத்துப் பார்த்தேன். சாப்பிடும் சோற்றுக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறது.

குமிழிகளுக்கு வேறொரு வேலையும் உண்டு. மனிதர்கள் வெளியேற்றும் கரியமில வாயுவில் ஏறக்குறைய கால் பங்கைக் கடல் வாங்கிக்கொள்கிறது. அந்த வாயு நீருக்குள் இறங்கும் வேகத்தை உடையும் அலைகள்தான் கூட்டுகின்றன. அமைதியான கடல் மெதுவாக மூச்சு வாங்கும், அவ்வளவுதான்.

மாலையில் காரைக்கால் வழியாக நாகூருக்கு வந்துவிட்டோம். தர்காவில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம். நாளை விடியற்காலை கடலுக்குள் போக ஏற்பாடு.

புதன், நாகப்பட்டினம்

அக்கரைப்பேட்டையில் இருட்டு விலகாத நேரத்தில் ஃபைபர் படகு ஏறினோம். பஞ்சாயத்தாரிடம் அக்கா முன்கூட்டியே பேசியிருந்தாள். மிதவைச் சட்டை கட்டாயம் போட வேண்டும், துறைமுக வாய் தாண்டிக் கொஞ்ச தூரம்தான், வாடை ஏறினால் திரும்பிவிட வேண்டும் என்ற பேச்சோடு அனுமதி கிடைத்தது. அமரத்தில் இன்ஜினைப் பிடித்தவர் ஐம்பது வயது தாண்டியவர். நாங்கள் அண்ணன் என்றே கூப்பிட்டோம்.

கடுவையாற்று வாயைத் தாண்டியதும் படகு குத்திக் குத்தி ஏற ஆரம்பித்தது. வடகிழக்கிலிருந்து குட்டையான, செங்குத்தான அலைகள், சில முகட்டில் நுரை. நான் இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டேன். அண்ணன் இன்ஜினைத் தணித்துவிட்டுச் சொன்னார்:

"இது மேல அடிக்கிற காத்துல வர்ற அலை தங்கச்சி. இதுக்குக் கீழ ஒண்ணு தூக்குது பாருங்க, சாவகாசமா. அது வேற எங்கேயோ அடிச்ச காத்து."

கவனித்துப் பார்த்தபின்தான் எனக்குப் பிடிபட்டது. குத்தலுக்கு அடியில், நீளமாக, அவசரமே இல்லாமல் ஓர் ஏற்றம், ஓர் இறக்கம். அக்கா கடிகாரத்தைப் பார்த்து எண்ணிக்கொண்டே இருந்தாள். அண்ணன் சொன்னதை ஒரு பெரும் ஆய்வு 1963இல் நிரூபித்திருக்கிறது என்று அவரிடமே சொன்னாள். அமெரிக்கக் கடலியலாளர் வால்டர் மங்க்கும் அவரோடு சேர்ந்தவர்களும் நியூசிலாந்திலிருந்து அலாஸ்கா வரை பசிபிக்கின் குறுக்கே ஆறு இடங்களில் அளவுகோல் வைத்தார்கள். நடுவே தீவு கிடைக்காத இடத்தில் அந்த ஃபிளிப் கலத்தையே நிறுத்தினார்கள். தென்துருவத்தை ஒட்டிய கடலில் புயல் எழுப்பிய அலை பத்தாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடி அலாஸ்காவில் கரையேறுவதைப் பின்தொடர்ந்து காட்டினார்கள். புயலை விட்டு வெளியே வந்தபின் நீண்ட அலைக்கு வழியில் சேதாரம் மிகக் குறைவு. கேரளத்திலும் குமரிக் கரையிலும் காற்றே இல்லாத நாளில் ஊருக்குள் ஏறும் கள்ளக்கடல் இப்படித்தான் தெற்கேயிருந்து வருகிறது. நாகைக்கு அந்தப் பக்கத்து அலை முழுசாக வந்து சேராமல் இலங்கை குறுக்கே நின்று மறைக்கிறது.

அண்ணன் தலையாட்டினார். "அலாஸ்காவுல இருக்கவனுக்கும் நம்ம மாதிரிதான்."

இதற்குப் பிறகு அக்கா சொன்னதுதான் இந்தப் பயணத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. ஆழ்கடலில் அலையின் வேகம் அதன் கால இடைவெளியைப் பொறுத்தது. ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் 15 வினாடி என்றால் அந்த அலை மணிக்கு சுமார் 84 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். இளங்காற்று வீசும் கடலில் அந்த அலை காற்றைவிட வேகம். அப்போது உந்தம் கீழிருந்து மேலே போகும். அலை காற்றைத் தள்ளும். காற்றுதான் அலையைச் செய்கிறது என்று நான் வகுப்பில் நடத்தியதெல்லாம் பாதிக் கதை. மீதிப் பாதியில் அலை காற்றைச் செய்கிறது.

காற்று பலமாக இருக்கும்போதும் அலை சும்மா இருப்பதில்லை. உழுத வயலில் ஓடும் வண்டிக்கும் தார் ரோட்டில் ஓடும் வண்டிக்கும் இருக்கும் வித்தியாசம் காற்றுக்கும் உண்டு. சொரசொரப்பான கடல் காற்றைப் பிடித்து நிறுத்தும். கடலின் சொரசொரப்பு காற்று தரும் இழுவையோடு சேர்ந்து வளர்கிறது என்று 1955இல் ஹென்றி சார்னாக் ஒரு எளிய சூத்திரம் கொடுத்தார். இன்றைக்கும் வானிலைக் கணக்கில் அது புழங்குகிறது. ஆனால் ஒரே வேகக் காற்றில் எல்லாக் கடலும் ஒரே மாதிரி சொரசொரப்பாக இருக்காது. இப்போதுதான் கிளம்பிய இளம் அலை குட்டையும் செங்குத்துமாகக் காற்றை அதிகம் இழுக்கும். வளர்ந்து முதிர்ந்து காற்றோடு சேர்ந்து ஓடும் அலை அவ்வளவு இழுக்காது. 1991இல் பீட்டர் யான்சன் இதைக் கணக்கில் கொண்டுவந்தார். 1998இல் ஐரோப்பிய நடுத்தரக் கால வானிலை முன்கணிப்பு மையம் தன் காற்றுக் கணக்கையும் அலைக் கணக்கையும் இரண்டு பக்கமும் இணைத்துவிட்டது. அதற்கு முன்னால் காற்று அலைக்குச் சொல்லும், அலை பேசாமல் கேட்கும். இப்போது அலையும் பதில் சொல்கிறது. கடலில் மட்டுமில்லாமல் நிலத்தில் நாளைக்கு மழை வருமா என்ற கணக்கிலும் அந்தப் பதில் சேர்கிறது.

கரைக்கு வந்து டீ குடிக்கும்போது அண்ணன் தன் கைபேசியில் ஹைதராபாத்தில் இருக்கும் இந்தியக் கடல் தகவல் சேவை மையத்தின் (இன்காய்ஸ்) அலை அறிவிப்பைக் காட்டினார். அதில் ஒன்றரை மீட்டர் என்று போட்டிருந்தால் பல பேர் அதைத்தான் உச்ச உயரம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது உயரமான மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரி. அதே கடலில் இடையிடையே மூன்று மீட்டர் அலையும் எழும்பலாம். அண்ணனுக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை, ஆனாலும் தெரிந்திருந்தது. "போட்டதுக்கு ரெண்டு மடங்கு வச்சுக்குவோம்" என்றார். பள்ளிப் பாடத்தில் இதைச் சேர்க்க வேண்டும். கடலோரத்துப் பிள்ளைகளுக்காவது.

காற்றுக்கு யார் அளவு கொடுக்கிறார்கள்? கடலில் மிதவைகள் சில இருக்கின்றன. மற்றபடி செயற்கைக்கோள். இஸ்ரோ 2022 நவம்பரில் அனுப்பிய ஓஷன்சாட் வரிசைக் கோளில் இதற்கென்று ரேடார் உண்டு. அதன் கண்ணுக்குக் காற்று தெரியாது. விரல்கடை அகலச் சிற்றலைகளில் பட்டுத் திரும்பும் எதிரொலியின் பலத்தைப் பார்த்து, இந்த இடத்தில் இவ்வளவு காற்று என்று கணக்கிடுகிறது. பூம்புகாரில் கறுப்புத் திட்டாக ஓடியதைத்தான் அது எழுநூறு கிலோமீட்டருக்கு மேலிருந்து பார்க்கிறது.

வியாழன், வேதாரண்யம், கோடியக்கரை

வேளாங்கண்ணி தாண்டியதும் தென்னை மாறிவிடுகிறது. நல்ல உயரமான பழைய மரம் ஒன்றிரண்டு, மற்றதெல்லாம் ஒரே வயசுக் கன்றுகள். 2018 நவம்பர் 16ஆம் தேதி நள்ளிரவு தாண்டி கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியது. மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தாண்டிய காற்று. லட்சக்கணக்கான தென்னைகள் போயின. தென்னை காய்க்க வருடங்கள் ஆகும் என்பதால் போனது ஒரு வருட வருமானமல்ல, ஒரு குடும்பத்தின் பத்து வருடம்.

டீக்கடை அம்மா சொன்னார்: "முதல்ல வடக்கால இருந்து அடிச்சுது. அப்புறம் கப்சிப்புனு நின்னுபோச்சு. முடிஞ்சுதுன்னு வெளிய வந்தோம். திரும்பத் தெக்கால இருந்து அடிச்சுது பாருங்க, முதல்ல சாஞ்சு நின்னதெல்லாம் அப்பத்தான் விழுந்துச்சு." புயலின் கண் மேலே கடந்திருக்கிறது. அக்கா அவர் சொன்னதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். எந்த வீட்டில், எந்தப் பக்கம், எவ்வளவு நேரம் என்று பொறுமையாகக் கேட்டாள். அந்த அம்மாவும் அலுக்காமல் பதில் சொன்னார்.

புயலுக்கும் அலைக்கும் நடுவே நடப்பது நேற்று எழுதிய கணக்கைவிடச் சிக்கல். கடல் காற்றை இழுக்கும் அளவை ஓர் எண்ணாகச் சொல்வார்கள். இளங்காற்றில் அது ஆயிரத்தில் ஒன்று, காற்று வலுக்க வலுக்க ஆயிரத்தில் இரண்டரை வரை ஏறும். புயல் காற்றிலும் இப்படியே ஏறிக்கொண்டு போகும் என்றுதான் ரொம்ப காலம் நினைத்தார்கள். அப்படி ஏறினால் கடலின் பிடியில் புயல் சீக்கிரம் களைத்துப்போக வேண்டும், ஆனால் கடும்புயல்கள் உண்டாகின்றனவே? விமானத்திலிருந்து பாராசூட்டில் கருவிகளைப் புயலுக்குள் போட்டுக் காற்றை அடுக்கடுக்காக அளந்தார்கள். மார்க் பவலும் அவர் குழுவும் 2003இல் வெளியிட்ட முடிவு: காற்று மணிக்கு 120 கிலோமீட்டர் அளவைத் தொட்டதும் இழுவை ஏறுவது நின்றுவிடுகிறது. கடலின் மேல்பரப்பு நுரையும் தெறிதுளியுமாக மாறி, காற்றுக்கும் நீருக்கும் நடுவே வழுக்கும் அடுக்கு ஒன்று உண்டாகிறது என்பது அதற்குச் சொல்லப்படும் காரணங்களில் முக்கியமானது.

புயலுக்குத் தீனி கடலின் வெப்பம். நீர் ஆவியாகி மேலே போகும்போது கொண்டுபோகும் வெப்பம்தான் அதை ஓட்டுகிறது. உராய்வு அதை அடக்குகிறது. இந்த இரண்டின் விகிதம்தான் புயலின் உச்ச வலிமையைத் தீர்மானிக்கிறது என்று கெர்ரி இமானுவேல் காட்டினார். அந்த இரண்டுமே நடப்பது அலையின் தோலில். நம் தோப்பு நிற்குமா சாயுமா என்பது ஒரு பங்கு அங்கே முடிவாகிறது.

வங்கக் கடலுக்கு இன்னொரு குணம் உண்டு. புயலும் அலையும் கடலைக் கலக்கினால் அடியிலிருக்கும் குளிர்ந்த நீர் மேலே வந்து புயலைத் தணிக்க வேண்டும். கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி, மகாநதி, கோதாவரி கொட்டும் நன்னீர் உப்பு நீரின் மேல் இலேசாகப் படர்ந்துகொண்டு அந்தக் கலப்பைத் தடுக்கிறது. ஐப்பசி கார்த்திகையில் கரையோர நீரோட்டம் தெற்கு நோக்கி ஓடி அந்த நன்னீரை நம் பக்கம் வரை இழுத்து வருகிறது. மேலே சூடு குறையாமல் இருக்கிறது. புயல் கரை வரை பலத்தோடு வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

உப்பளங்களில் இன்னும் மழைத்தண்ணீர் நிற்கிறது. 1930இல் ராஜாஜி நடந்து வந்து உப்பு அள்ளிய ஊர், வேலை தொடங்க இன்னும் நாள் இருக்கிறது. கோடியக்கரையில் வெளியூர் மீனவர்கள் வாடி போட்டுத் தங்கியிருக்கிறார்கள். இந்தப் பருவத்தில் அவர்களுக்கு இங்கே மீன்பாடு அதிகம். கரை இங்கே மேற்கே மடங்குகிறது. கிழக்குப் பக்கம் நின்றால் வாடை வங்கக் கடல் முழுக்க ஓடிவந்து எழுப்பிய அலை. மடக்கைச் சுற்றித் தெற்கே வந்தால் அதே காற்று, ஆனால் நிலத்தைத் தாண்டி இப்போதுதான் நீரில் இறங்கியிருப்பதால் கரையோரம் வெறும் சிலிர்ப்பு. அக்கா இரண்டு பக்கமும் போய்க் கைக்காற்றுமானியைத் தூக்கிப் பிடித்தாள். பல இடத்தில் எழுதிய எண்களை வைத்துக்கொண்டு ராத்திரி இப்போது என் பக்கத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

வெள்ளி, முத்துப்பேட்டை

ஜாம்பவானோடையில் படகு ஏறி அலையாத்திக் காட்டுக்குள் போனோம். கால்வாய்க்குள் காற்றே தெரியவில்லை. காயல் திறந்ததும் முகத்தில் அடித்தது. ஆழம் பல இடத்தில் இடுப்பளவு கூட இல்லை. படகோட்டி கழியை ஊன்றித் தள்ளினார்.

அக்கா தேடி வந்தது இப்படியான தண்ணீரைத்தான். சார்னாக்கிலிருந்து யான்சன் வரை பெரும்பாலான கணக்குகள் ஆழ்கடலை மனசில் வைத்துப் போட்டவை. ஆழம் குறைந்தால் அலை தரையை உணர்ந்து வேகம் குறையும், குட்டையாகும், செங்குத்தாகும், சீக்கிரம் உடையும். அதே காற்றுக்கு இந்தக் கடல் அதிகம் சொரசொரப்பு. பாக் நீரிணையில் பெரும்பகுதி ஆழமில்லாதது. அங்கே காற்று எவ்வளவு இழுபடுகிறது என்று தெரிந்தால், புயலில் தண்ணீர் எவ்வளவு உயரம் கரையேறும் என்ற கணக்கும் திருந்தும். இழுவைதான் தண்ணீரைக் கரைமேல் குவிக்கிறது.

காயல் வாய்க்குப் பக்கத்தில் ஒரு மணல்திட்டைக் காட்டி, கம்பம் இங்கே நட்டால் நிற்குமா என்று கேட்டாள். படகோட்டி கழியால் அடியைக் குத்திப் பார்த்தார்.

"சேறும்மா. வாடை முடியறதுக்குள்ள சாஞ்சுரும். அந்தாண்ட நண்டு வலை கிடக்குற பக்கம் தரை கெட்டி. ஆனா வலைக்காரங்ககிட்ட கேட்டுட்டுத்தான் நடணும்."

வலைக்காரர்கள் சாயங்காலம் திரும்புவார்களாம். வனத்துறை அனுமதி வேறு வாங்க வேண்டும். ஊர் திரும்புவதை நாளைக்குத் தள்ளிவைத்துவிட்டோம். அக்கா படகுத்துறையில் உட்கார்ந்து கம்பத்தின் உயரம், கம்பிக் கட்டு எல்லாம் வரைந்து வைக்கிறாள், அவர்களிடம் காட்டிப் பேசுவதற்கு.